சாரதியைப் பிடித்தால் மட்டும் போதாது

மலையகத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்கு மனப்பாடம். அமைச்சர் வருவார். இழப்பீடு அறிவிக்கப்படும். விசாரணை நடக்கும். "சாரதியின் கவனயீனம்" என்று கோப்பு மூடப்படும். சில வாரங்களில் அதே வளைவில், தடுப்பில்லாத அதே விளிம்பில், அதே நெரிசலோடு அடுத்த பஸ் ஓடும்.

2021 மார்ச் 20 அன்று லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்தது. 14 இற்குக் குறையாத உயிர்கள் போயின. சரிந்து விழுந்த பாறை ஒன்று அந்த இடத்தில் வீதியைக் குறுக்கிக்கொண்டு கிடந்தது. 2025 மே 11 அன்று கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற இ.போ.ச. பஸ் கொத்மலை கெரண்டி எல்லவில் கவிழ்ந்தது. 20 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐம்பது பேர் போக வேண்டிய வண்டியில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியில் மேலும் 15 பேர்.

கண்மூடித்தனமாக ஓட்டுகிறவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. தண்டிக்கட்டும். ஆனால் வீதியில் கிடந்த பாறையை அகற்றாமல் விட்டது சாரதியா? லொறிச் சட்டகத்தின் மேல் தகரக் கூடு கட்டி, அதைப் பயணிகள் பஸ் என்று பதிவு செய்ய அனுமதித்தது சாரதியா? மாலையில் முதலாளிக்கு இவ்வளவு வசூல் என்று கணக்கு வைத்து அவனை ஓட ஓட விரட்டுவது யார்? இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மலைப் பாதைக்கென்று தனிப் பயிற்சி கொடுக்க வேண்டியது யாருடைய கடமை?

"ஏன் நெரிசலான பஸ்ஸில் ஏறுகிறீர்கள்?" என்று நம்மையே கேட்பவர்களும் உண்டு. அடுத்த பஸ் இருந்தால் யார் மிதிபலகையில் தொங்குவார்கள்? அதை விட்டால் பிள்ளைக்கு அன்றைய பாடம் போகும். ஆஸ்பத்திரி கிளினிக் போகும். நமக்கு அன்றைய பேர் போகும். பல தோட்டங்களுக்குள் பஸ்ஸே வருவதில்லை. பாதை அப்படி.

அந்தப் பாதை யாருடையது என்று கேட்டால் கம்பனி பிரதேச சபையைக் காட்டும், சபை கம்பனியைக் காட்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் வேலை செய்யத் தடையாக இருந்தது உண்மை. 2018இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இனியும் சட்டத்தின் பின்னால் ஒளிய முடியாது. 2025 மே 6 தேர்தலுக்காக லயத்து வாசலில் நின்று வாக்குக் கேட்டவர்கள் இன்று சபைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த டித்வா புயலில் எத்தனை பாதைகளின் விளிம்புகள் உடைந்தன என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நமது கோரிக்கைகள் இவை:

1. ஆபத்தான வளைவுகளிலும் பள்ளத்தின் ஓரங்களிலும் உறுதியான தடுப்பு வேலி.

2. மண்சரிவில் விழும் கல்லையும் மண்ணையும் உடனடியாக அகற்றுதல். அதுவரை இரவில் தெரியும் எச்சரிக்கை அடையாளம்.

3. மலைப் பாதையில் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸினதும் பிரேக், டயர், ஸ்டியரிங் ஆகியவற்றுக்கு ஒழுங்கான பரிசோதனை.

4. பாடசாலை நேரத்திலும் வேலை முடியும் நேரத்திலும் மேலதிக இ.போ.ச. பஸ்கள்.

5. சாரதி, நடத்துநருக்கு நிலையான சம்பளம், போதிய ஓய்வு.

6. தோட்டப் பாதைகளைப் பொறுப்பேற்றுத் திருத்துவதற்குச் சபைகள் காலக்கெடு அறிவித்தல்.

தோழர்களே, இவை தானாக வராது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பகுதியின் ஆபத்தான இடங்களைப் பட்டியலிட்டு, கையொப்பம் வாங்கி, பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் அனுப்ப வேண்டும். திகதியோடு ஒரு பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். நாளை ஏதும் நடந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்று எவரும் சொல்ல முடியாதபடி அந்தக் கடிதம் பேசட்டும்.