பார்த்துக்கலாம்... யார் பார்ப்பது?

மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க எத்தனை நாள் அலைந்தீர்கள்? மூன்று மாதம்? ஆறு மாதம்? பார்க்கிங் இருக்கா, ஜெனரேட்டர் டீசல் யார் செலவு, காலையில் வெந்நீர் வருமா என்று துருவித் துருவிக் கேட்டீர்கள். ஒன்றரை நாள் தங்கப்போகிற இடத்துக்கு!

கடைசி 20 வருஷம் எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும், 'அது அப்போ பார்த்துக்கலாம் சார்' என்கிறீர்கள்.

நம் வீடுகளில் இந்தப் 'பார்த்துக்கலாம்' செய்த சேதம் கொஞ்சநஞ்சமல்ல. என் வீட்டிலேயே நடந்தது.

மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பாவுக்கு 70 ஆனபோதே, 'கீழ் வீடாகப் பார்ப்போமா?' என்று கேட்டேன். 'பார்த்துக்கலாம்டா' என்றார். 78-ல் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆபரேஷன் முடிந்த பிறகு அந்த மாடிப்படி அவருக்கு இமயமலை.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் வந்தான். மூன்று வாரம்தான் லீவு. அந்த மூன்று வாரத்துக்குள் அப்பாவின் புத்தகங்கள் எடைக்குப் போயின, அம்மாவின் தையல் மெஷின் யாருக்கோ போனது, போட்டோவைப் பார்த்துப் புறநகரில் ஓர் இல்லம் முடிவானது. கையெழுத்துப் போட்டதில் நானும் ஒருவன். காரில் ஏறும்போது அப்பா சொன்னார்: 'எல்லாம் சரிடா. என்னை ஒரு வார்த்தை யாரும் கேக்கலையே?'

அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

அந்த இல்லம் மோசம் என்று சொல்ல மாட்டேன். சாப்பாடு நன்றாகவே இருந்தது. ஆனால், அவர் தேர்ந்தெடுத்த இடமில்லை அது. 60 வயதில், காலும் நாக்கும் கையெழுத்தும் தன் வசம் இருந்தபோது அவர் எடுக்காத முடிவை, அவசரத்தில் நாங்கள் எடுத்தோம். நீங்கள் முடிவெடுக்காவிட்டால் முடிவு நிற்காது. வேறு யாரோ எடுப்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

'புள்ளை இருக்கும்போது எதுக்கு சார் இதெல்லாம்?'

இருக்கட்டும். நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். அவன் பெங்களூரில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்கு ஈ.எம்.ஐ. கட்டுகிறான். அங்கே ஹால் சோபாவில், டி.வி. ரிமோட் உரிமைகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் கூட்டுக்குடும்பமா? கோப்பெருஞ்சோழனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், அப்பாவோடு சண்டைக்கு வந்தார்கள். கடைசிக் காலத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது பிசிராந்தையார் என்கிற நண்பர். வயதான காலத்தில் வயதொத்த துணை வேண்டும் என்பது நேற்று முளைத்த ஃபேஷன் இல்லை.

'நாலு பேர் என்ன சொல்வாங்க?'

அந்த நாலு பேர் ஒரே ஒரு நாள்தான் வருவார்கள். தூக்குவதற்கு! ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் வர மாட்டார்கள்.

இன்னொரு கூத்து, பாசத்தில் உருகி வீட்டைப் பிள்ளை பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவைப்பது. எழுதிய நிமிடமே வீடு கைமாறிவிடும். உயில் அப்படியில்லை. உங்களுக்குப் பிறகுதான் செல்லும், மனசு மாறினால் மாற்றியும் எழுதலாம், இரண்டு சாட்சிகள் போதும்.

'அதான் சட்டம் இருக்கே' என்பீர்கள். இருக்கிறது. 2007-ம் வருடச் சட்டத்தின் 23-வது பிரிவு, பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யலாம் என்கிறது. ஆனால், அந்த நிபந்தனை நிரூபிக்கப்படவில்லை என்பதால் 2022 டிசம்பரில் ஒரு தாய் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவர் மகனுக்கு எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற்றார். ஜெயித்தார்தான். பெற்ற பிள்ளை மேல் கேஸ் போட்டு டெல்லிவரை போய் ஜெயிப்பது ஒரு ஜெயமா, சொல்லுங்கள்!

சரி, முதியோர் குடியிருப்புக்கே போகலாம் என்கிறீர்களா? கோயம்புத்தூரைச் சுற்றி வரிசையாக இருக்கின்றன. கலர் புத்தகத்தில் நரைத்த தம்பதி சிரித்தபடி ஷட்டில் விளையாடுவார்கள். அதில் மயங்காதீர்கள். மத்திய அரசு 2019-ல் மாதிரி விதிமுறைகள் வெளியிட்டது நிஜம். 'மாதிரி'தான் என்பதை மறக்க வேண்டாம். மண்டபத்துக்குக் கேட்ட மாதிரி இங்கேயும் துருவிக் கேளுங்கள்.

வீடு என் பேரில் பத்திரமாகுமா, வெறும் குத்தகையா? டெபாசிட்டில் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில்? இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டால் மாதக் கட்டணம் குறையுமா? மறதி நோய் வந்தால், படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா, 'கூட்டிட்டுப் போங்க' என்பீர்களா? கடைசிக் கேள்விக்கு வாய் வார்த்தையை நம்பாதீர்கள், ஒப்பந்தத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கணக்கும் போடுங்கள். இன்றைக்கு மாதம் 15,000 ரூபாய். வருடத்துக்கு 7 சதவிகிதம் ஏறினால் பத்து வருடத்தில் ஏறக்குறைய 30,000. இருபது வருடத்தில் 58,000. உங்கள் பென்ஷனும் வட்டியும் அந்த ஓட்டம் ஓடுமா? பாட்டிகள்தான் பெரும்பாலும் தாத்தாக்களைத் தாண்டி இருக்கிறார்கள். அதனால் இந்தக் கணக்கு வீட்டம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்புக் எங்கே என்றுகூடத் தெரியாமல் அவரை வைத்திருப்பது அன்பு இல்லை, அக்கிரமம்.

முடிவாக வாங்கும் முன் ஒரு மாதம் வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாட்டையும், மழை நாளில் நர்ஸ் வருகிறாரா என்பதையும் பாருங்கள்.

'அவ்வளவு பணத்துக்கு எங்கே போவேன்?' நியாயமான கேள்வி. எல்லோரும் போக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. இருக்கிற வீட்டிலேயே இருப்பதும் நல்ல முடிவுதான், அது முடிவாக இருந்தால்! பாத்ரூமில் கைப்பிடி வையுங்கள். வழுக்குகிற டைல்ஸை மாற்றுங்கள். மாடியென்றால் இப்போதே கீழே இறங்குங்கள். ஆபத்துக்கு யாருக்குப் போன் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சில ஆயிரம் ரூபாய் வேலை. எங்கள் வீட்டில் அந்தக் கைப்பிடி ஒன்று இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ!

இப்போது எனக்கு 61. போன மாதம் நானும் மனைவியும் இரண்டு குடியிருப்புகளைப் போய்ப் பார்த்தோம். ஒன்று பிடிக்கவில்லை. இன்னொன்றில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கப்போகிறோம். மகனிடம் சொன்னபோது, 'என்னப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?' என்றான்.

சிரிப்பு வந்தது. ஒரு நிமிடத்தில் அப்பாவும் ஞாபகத்துக்கு வந்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை அணைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். 'நாங்க இப்படி முடிவு பண்ணியிருக்கோம்' என்று!