ஏடு நம்முடையது, சாவி யாருடையது?

சென்னிமலையில் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு விரலில் வெட்டுப் பட்டால், வீட்டுப் பெண்கள் அடுப்படிக்கு ஓடி மஞ்சள் தூளை எடுத்து வந்து அப்புவார்கள். அப்படிச் செய்வதற்கு அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் 1995 மார்ச் மாதத்தில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஒரு பட்டயம் எழுதிக் கொடுத்தது. மஞ்சளைக் கொண்டு புண்ணை ஆற்றுவது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் "கண்டுபிடிப்பாம்"! எண் 5,401,504.

சிரிக்க வேண்டாம், தோழர்களே! அந்தச் சிரிப்பு அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் செல்லாது. வேறொரு தேசத்து ஜனங்கள் ஒரு பொருளைக் காலங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள் என்பது அங்கே சாட்சியமே அல்ல. அச்சிட்ட காகிதம் வேண்டும். நம் பாட்டிமார் அறிந்ததெல்லாம் அறிவில்லை, அச்சுக்கூடம் அறிந்ததே அறிவு! இந்த விசித்திர விதி 2013-ல்தான் மாறியது.

நம் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 1996-ல் வழக்காடிற்று. பழைய சமஸ்கிருத ஏடு தொடங்கி, 1953-ல் இந்திய மருத்துவச் சங்கப் பத்திரிகையில் வந்த கட்டுரை வரை 32 ஆதாரங்களைக் கொண்டுபோய்க் கொட்டிற்று. 1997-ல் காப்புரிமை ரத்தாயிற்று. வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரில் ஒன்பது பத்து மாதம் மஞ்சளைக் காத்து, வெட்டி, வேகவைத்து, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்து மண்டிக்கு அனுப்புகிற நம் விவசாயி, தன் வீட்டு வைத்தியம் தன்னுடையதுதான் என்று மெய்ப்பிக்க ஒரு சர்க்கார் ஸ்தாபனமே கடல் கடந்து மன்றாட வேண்டியிருந்தது என்பதை மறக்க முடியுமா?

இன்று சர்வதேச மாநாட்டு மேடைகளில் எல்லாம் ஒரே கோஷம்: "உயிரினங்களைக் காக்க நாடுகள் தகவலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்!" நாம் இதற்கு எதிரிகள் அல்ல. சொல்லப்போனால் கொங்குச் சீமை இதை உலகுக்குச் செய்து காட்டியிருக்கிறது.

1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. வெள்ளைக்காரன் நம்மீது கொண்ட பிரியத்தால் வைத்தான் என்று எண்ண வேண்டாம். சர்க்கரைக் கணக்கு அவனுக்கு இருந்தது. என்றாலும் அங்கு பாடுபட்ட விஞ்ஞானிகள் நல்ல கரும்பைக் காட்டு நாணல் இனக் கரும்போடு கலந்து, 1918-ல் கோ 205 என்ற ரகத்தைத் தந்தார்கள். பின்னால் கோ 281, கோ 290 ஆகியவை அமெரிக்காவின் லூயிசியானா வரை போய் வேரூன்றின. கோவையிலிருந்து சென்ற கலப்பு விதையை முளைக்க வைத்துத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தேர்ந்தெடுத்ததுதான் என்.கோ 310. அது எத்தனையோ தேசங்களின் வயலுக்குப் போயிற்று. பெயரில் இன்னும் "கோ" நிற்கிறது; கோவை யாரிடமும் காப்புரிமைப் பணம் கேட்கவில்லை. நியூகினியிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்த கரும்பு இனங்களைக் கண்ணூரில் உள்ள அதே நிலையத்தின் கிளை இன்றும் காத்து வருகிறது. அப்படிப்பட்ட உலகச் சேமிப்பு இன்னொன்று அமெரிக்காவின் புளோரிடாவில் உண்டு. ஒன்றுக்குச் சேதம் வந்தாலும் மற்றொன்று நிற்கும். பகிர்வு என்றால் இது!

மற்றொரு வகைப் பகிர்வும் உண்டு. 1992-ல் ரியோவில் கையெழுத்தான உயிர்ப்பன்மை ஒப்பந்தத்தின் 17-வது விதி தகவல் பரிமாற்றத்தைப் பற்றியது. வெளியே போன தகவலைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்புவதும் அதில் அடக்கம். ஆனால் "இயன்ற இடத்தில்" என்று ஒரு சொல்லைச் செருகியிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு போகும்போது இயலாமை வந்ததுண்டா? திருப்பித் தரும்போது மட்டும் ஏன் வருகிறது? அந்த ஒப்பந்தத்தில் 1993-ல் கையெழுத்துப் போட்ட அமெரிக்கா இன்றுவரை அதை அங்கீகரித்து உள்ளே வரவில்லை என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இனி டில்லியின் கதை. மஞ்சள் வழக்கின் பாடமாக 2001-ல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கினார்கள். ஆயுர்வேத, யுனானி ஏடுகளோடு நம் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் அதில் ஏறின. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பான் என ஐந்து மொழிகளில் ஆக்கினார்கள். அந்த ஐந்தில் தமிழ் இல்லை! 2009-ல் ஐரோப்பிய, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகங்களுக்கு அதைத் திறந்துவிட்டார்கள். அதனால் பல பொய்க் காப்புரிமைகள் தடுக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் மூனிச்சில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி பார்க்கலாம், சென்னிமலை மருத்துவச்சி பார்க்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? "திறந்தால் திருடுவான்" என்றார்கள். சரி, 2022-ல் மந்திரிசபை என்ன முடிவு செய்தது? மற்றவர்களுக்கும் படிப்படியாகத் திறக்கலாம், சந்தா கட்டினால்! சந்தா கட்டக்கூடியவன் யார்? மருந்துக் கம்பெனியா, மஞ்சள் வெட்டும் கூலிப் பெண்ணா?

இத்தோடு நிற்கவில்லை. 2002-ல் வந்த உயிர்ப்பன்மைச் சட்டத்தை 2023-ல் திருத்தினார்கள். மீறியவனுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதமாக்கினார்கள். ஏட்டில் எழுதப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்தும் இந்தியக் கம்பெனிகளுக்கு, அந்த அறிவுக்காகப் பங்கு தரும் கடமையிலிருந்து விலக்கும் கொடுத்தார்கள். ஆக, எழுதாவிட்டால் அறிவே இல்லை என்றது வாஷிங்டன். எழுதிவிட்டால் பங்கு இல்லை என்கிறது டில்லி!

இப்போது ஆசாமிகளுக்குச் செடிகூட வேண்டாம். அதன் மரபணு எழுத்து வரிசை கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் போதும். அதைக் கொண்டு லாபம் பண்ணுகிற கம்பெனிகள் லாபத்தில் 1 சதவீதம் அல்லது வருமானத்தில் 0.1 சதவீதம் ஒரு நிதிக்குத் தர வேண்டும் என்று 2024-ல் கொலம்பியாவின் காலி நகர மாநாடு சொல்லிற்று. கட்டாயமா? இல்லை, மனம் இருந்தால்! விசைத்தறி முதலாளியிடம் "மனம் இருந்தால் போனஸ் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிய தொழிலாளி எவராவது உண்டா?

நாம் கேட்பது சொற்பம். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்பது நடப்பில் உள்ள சட்டம். அந்த எல்லைக்குள் உள்ள உயிர்வளத்தை எவனுக்காவது கொடுப்பதற்கு முன், சென்னை தரமணியில் இருக்கும் தேசிய ஆணையம் அந்தக் குழுவைக் கலந்து ஆலோசிக்க வேண்டும் என்பதும் சட்டம். சென்னிமலை ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும் அந்தப் பதிவேட்டைக் கிராம சபையில் உரக்கப் படிக்கட்டும், தமிழில்! கிளுவை வேலி போட்ட கொரங்காடும், அதிலுள்ள கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரமும், அங்கே மேயும் காங்கயம் மாடும் அதில் உண்டா? எந்த மஞ்சளை எதற்கு அரைப்பது என்று அறிந்த கிழவியின் சொல் உண்டா? வெளியிலிருந்து எவன் எதைக் கேட்டு விண்ணப்பித்தான், என்ன பங்கு தந்தான் என்ற கணக்கு உண்டா?

அடுத்த கிராம சபைக்குப் போகும் விவசாயிகளும் நெசவாளிகளும் ஒரு மனு எழுதிக்கொண்டு போக வேண்டும். அதில் நீட்டி முழக்க வேண்டியதில்லை. "எங்கள் பதிவேடு எங்கே? எடுத்துப் படியுங்கள்" என்று இரண்டே வரி போதும். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.