மதுரை ஓட்டு டில்லி வரை போகும்!



தேர்தல் வந்தால் பள்ளிக்கூடம் ஓட்டுச்சாவடி ஆகிவிடும். உங்களுக்கு ஜாலியாக விடுமுறை! வில்லாபுரத்தில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லாரும் வரிசையில் நின்று, விரலில் மையுடன் வீடு திரும்புவர். 'என் ஒரு ஓட்டால் என்ன ஆகப் போகிறது?' என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள்.

நம் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தேர்ந்தெடுத்த எம்.பி.க்களும், எம்.எல்.ஏ.க்களும்தான் ஓட்டுப் போடுவர். எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, விடையை மீண்டும் 1,000ஆல் வகுக்க வேண்டும். எங்கே, பென்சிலை எடுங்கள்! 1971 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சுமார் 4 கோடியே 12 லட்சம் பேர்; எம்.எல்.ஏ.க்கள் 234 பேர். 176 வருகிறதா? 2022 ஜனாதிபதி தேர்தலில் நம் எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு அதுதான்.

இப்போது 1969க்குப் போவோம். ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். ஆகஸ்ட் 16ல் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் நிறுத்தியவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. சுயேச்சையாக நின்றவர் வி.வி.கிரி. பிரதமர் இந்திராவோ, 'மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்' என்று தன் கட்சியினரிடமே சொல்லிவிட்டார்! தமிழகத்தை ஆண்ட தி.மு.க., கிரியை ஆதரித்தது.

முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. ஓட்டுச் சீட்டில் இரண்டாவது விருப்பமாகக் குறித்ததையும் எண்ணினர். கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. வித்தியாசம் 14,650தான்!

அப்போது தமிழக எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 144. 1967 தேர்தலில் தி.மு.க. வென்றது 130 இடங்களுக்கும் மேல். பெருக்கிப் பாருங்கள், 18,000ஐத் தாண்டும். இடதுசாரிகளும் வேறு பலரும் கிரியை ஆதரித்தனர் என்பது உண்மை. ஆனால், தமிழகம் கைவிட்டிருந்தால் அவர் ஜெயித்திருப்பது கடினம்.

இதில் ஓர் அதிசயம் உண்டு. 1967ல் வரிசையில் நின்ற நம் ஊர் மக்கள், அரிசித் தட்டுப்பாட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டனர். இரண்டு ஆண்டு கழித்து அதே ஓட்டு, ஒரு ஜனாதிபதியையும் தீர்மானிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவிலும் இப்படி நடந்தது. 2000ல் புளோரிடா மாநிலத்தில் பதிவானவை சுமார் 60 லட்சம் ஓட்டுகள். அங்கே வெறும் 537 ஓட்டு அதிகம் பெற்றதால் ஜார்ஜ் புஷ் ஜனாதிபதி ஆனார். பல பள்ளிகளில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் மாணவர்களே அதைவிட அதிகம்!

பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டால், ஊர் எம்.எல்.ஏ. பதவி மட்டுமா விலை போகிறது? ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் சேர்ந்தே போகிறது. வீட்டில் யாராவது பணத்துக்குக் கை நீட்டினால், 'வேண்டாம்பா' என்று நீங்கள் சொல்லலாம். அதற்கு 18 வயது ஆக வேண்டியதில்லை!

அன்புடன்,
ஆசிரியர்