ராஜாவின் சுமாரான பாட்டு எது?

தேர்தல் முடிந்தால் ஆலங்குடி தேநீர்க் கடைகளில் அரசியல் பேச்சு கொஞ்சம் ஓயும். இளையராஜா பேச்சு ஓயாது. புதுக்கோட்டைப் பேருந்தில் ஓட்டுநர் ஒரு பாட்டைப் போட்டால் போதும், எந்தப் படம், எந்த வருடம் என்று பின்னிருக்கையில் வழக்கு தொடங்கிவிடும். சிறந்த பத்துப் பாட்டு கேட்டால் ஆளுக்கு ஐம்பது சொல்வார்கள். சுமாரான பாட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள், யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்த மௌனம் நம் ரசனைக்கு நல்லதல்ல.

2002இல் பிபிசி உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி, நேயர் வாக்குகளைக் கொண்டு உலகின் முதல் பத்துப் பாடல்களை அறிவித்தது. ‘தளபதி’ (1991) படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ அதில் நான்காவது. குயீன் குழுவின் புகழ்பெற்ற ராக் பாட்டான ‘பொஹீமியன் ராப்சடி’ பத்தாவது. அதையே முந்திவிட்டோம் என்று இன்றும் மார்தட்டிச் சொல்கிறோம். ஆனால் முதலிடம் அயர்லாந்தின் உல்ஃப் டோன்ஸ் குழு பாடிய நாட்டுப்பற்றுப் பாடலுக்கு. மின்னஞ்சலில் ஆள் திரட்டி வாங்கிய வாக்குகள் அவை. இரண்டாவது வந்தே மாதரம், மூன்றாவது ‘தில் தில் பாகிஸ்தான்’. வரிசையைப் பார்த்தாலே எண்ணப்பட்டது கூட்டம்தான், பாட்டின் தரம் அல்ல என்பது விளங்கும். ஐந்தாவதும் தமிழ்ப் பாட்டுதான்: திருமலை சந்திரன் பாடிய ஈழப் பாடல், ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’. நான்காம் இடத்தைக் கொண்டாடிய நம்மில் எத்தனை பேர் ஐந்தாம் இடத்தைத் தேடிக் கேட்டோம்?

‘தளபதி’க்குள்ளேயே ‘ராக்கம்மா’தான் முதல் பாட்டா என்று கேட்டால் சண்டை வரும். ஒருவர் ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’ என்பார், இன்னொருவர் ஜானகி பாடிய ‘சின்னத் தாயவள்’ என்பார். இது நல்ல சண்டை, ஏனென்றால் இதில் காரணம் சொல்லியாக வேண்டும். ஆட்டம் போட வைக்கும் தாளத்துக்கு நடுவே அப்பர் தேவாரத்தைக் கோரஸாகக் கொண்டுவந்த துணிச்சலை ‘ராக்கம்மா’ கட்சிக்காரர் சொல்வார். காதலையும் போர்க்களத்தையும் ஒரே பாட்டில் தாங்கி நிற்கும் வயலின்களை ‘சுந்தரி’ கட்சிக்காரர் சொல்வார். அப்போதுதான் ரசிகர் பாட்டைக் கேட்கவே தொடங்குகிறார்.

இலக்கியத்தில் இந்த வழக்கைச் சிற்றிதழ்கள் எப்போதோ நடத்திவிட்டன. விமர்சகர் க.நா.சு. தம் ரசனையை நம்பிப் பட்டியல் போட்டார், விட்டுப்போனவர்கள் கோபித்தார்கள். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தீர்ப்பு மட்டும் போதாது, படைப்பை அலசிக் காட்ட வேண்டும் என்றார். விட்டுவிடும் துணிவு ஒருவரிடம், காரணம் கேட்கும் பிடிவாதம் மற்றவரிடம். சினிமாப் பாட்டு ரசனைக்கு இரண்டுமே வந்து சேரவில்லை.

விட்டுவிடும் துணிவு மட்டும் ஒரு காலத்தில் கொஞ்சம் இருந்தது. பாட்டுப் பதிந்து வாங்க ரெக்கார்டிங் சென்டரில் 60 நிமிட கேசட்டைக் கொடுத்தால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் அடங்கும். எதைச் சேர்ப்பது, எதை அடிப்பது என்று துண்டுச்சீட்டில் அடித்துத் திருத்தியதெல்லாம் விமர்சனம்தான். இன்று கைப்பேசியில் எல்லாம் அடங்கிவிடுவதால் எதையும் அடிக்க வேண்டிய தேவையில்லை.

அப்படி அடித்துப் பார்க்கும் வழக்கம் வெளிநாட்டில் உண்டு. பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸ் 1968இல் 30 பாட்டுகளை இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டபோது, அதை ஒற்றைத் தட்டாகச் சுருக்கியிருக்கலாம் என்று கருதியவர் அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். எதை நீக்கலாம் என்று ரசிகர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ‘ரெவல்யூஷன் 9’ அடிக்கடி அடிபடும். இதனால் பீட்டில்ஸின் புகழில் ஒரு துளியும் குறையவில்லை.

1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டியவர் ராஜா. ஒரே ஆண்டில் நாற்பது படங்களுக்கு மேல் இசையமைத்த காலமும் உண்டு. அந்த வேகத்தில் சுமாரானவை வந்தே தீரும். மெட்டு உயரத்தில் நிற்க, அவசரத்தில் நிரப்பிய சொற்கள் தரையில் கிடக்கும் பாட்டுகள் ஒரு வகை. எண்பதுகளின் இறுதியிலிருந்து, தோல் வாத்தியம் பேச வேண்டிய இடத்தில் மின்தாளம் ஒரே சீராய்த் தட்டிக்கொண்டிருக்கும் பாட்டுகள் இன்னொரு வகை. எங்கள் கணக்கில் முதல் வகையே அதிகம்.

ரசிகர்களின் மௌனத்துக்கு நியாயமும் உண்டு. ராஜாவை நோக்கி வந்த ஏளனங்களில் இசையோடு தொடர்பில்லாத சாதி வன்மமும் கலந்திருந்தது. அதைத் தடுக்கக் கேடயம் பிடித்தவர்கள், பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு தம் சிம்பொனியை அரங்கேற்றியவருக்கு இனி அந்தக் காவல் தேவையில்லை. கூர்மையான செவிகள்தான் தேவை.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு மிகப் பிடித்த இசையமைப்பாளரின் சுமாரான பாட்டு ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். சறுக்கியது பல்லவியிலா, சரணத்திலா, வாத்தியத்திலா, சொல்லிலா என்று காட்டுங்கள். ‘பிடிக்கவில்லை’ என்று மட்டும் சொல்லும் கட்டுரையை வெளியிடமாட்டோம். காரணம் சொல்லும் கட்டுரை எங்கள் கருத்துக்கு நேர் எதிராக இருந்தாலும் அடுத்த இதழில் வரும்.