வேலி வேண்டும், படலையும் வேண்டும்

வடமராட்சியிலே உதைபந்தாட்டத்தை வெறும் விளையாட்டு என்று சொல்வார் எவரும் இலர். உடுப்பிட்டியிலும், வல்வெட்டித்துறையிலும், கரவெட்டியிலும், பருத்தித்துறையிலும் ஊர்தோறும் கழகங்கள் உண்டு. வெங்காயத்துக்கு நீர் இறைத்துவிட்டு வந்த கமக்காரரும், கந்தோரிலிருந்து திரும்பிய உத்தியோகத்தரும், நீதிமன்றத்திலிருந்து வந்த சட்டத்தரணியும் மாலை வேளையில் ஒரே கோட்டோரத்தில் நின்று தம்மூர்ப் பிள்ளைகளுக்காகக் குரல் கொடுப்பர். இந்த ஆர்வம் நம் ஊர்களின் செல்வம். அதைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை.

ஆனால், அந்த ஆர்வமே சில வேளைகளில் வினையாக முடிகிறது என்பதை மறைப்பதற்கில்லை. மத்தியஸ்தரின் ஊதல் ஒன்று. அதையடுத்து ஒரு வசைச்சொல். அதையடுத்து ஒரு கல். தொண்ணூறு நிமிடத்தில் முடியவேண்டிய போட்டி வைத்தியசாலையிலும் பொலிஸ் நிலையத்திலும் தொடர்கிறது. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பையன் பிணைக்கு ஆள் தேடுகிறான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு ஊரார் ஒருவர் வீட்டுச் செத்த வீட்டுக்கு மற்றவர் போகத் தயங்குகின்றனர். ஒரு கோலுக்கு இந்த விலை தகுமா?

இதற்கு மருந்தாக மூன்று யோசனைகள் சொல்லப்படுவதுண்டு. "எல்லாரும் நம்மவர்தாமே, பிரிவு எதற்கு? கலந்தே நிற்கட்டும்" என்பது ஒன்று. "இரு சாராருக்கும் நடுவே இரும்பு வேலி போடுங்கள்" என்பது இரண்டாவது. "வெளியூர் ஆதரவாளரை உள்ளே விடாதீர்கள்" என்பது மூன்றாவது. இம்மூன்றையும் உலகம் செய்து பார்த்துவிட்டது. அதற்கு உலகம் கொடுத்த விலையை நம்மவர் அறிந்துகொள்வது நன்று.

கலந்து நின்றதன் விளைவைக் கல்கத்தா கண்டது. 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்ட மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. இரு கழகத்து ஆதரவாளரும் ஒரே அரங்கில் கலந்திருந்தனர். களத்தில் இரண்டு ஆட்டக்காரர் மோதிக்கொண்டனர், இருவரும் வெளியேற்றப்பட்டனர். அந்தத் தீப்பொறி அரங்கிலே பற்றிக்கொண்டது. அடிதடியிலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டனர்.

அரைகுறையாகப் பிரித்ததன் விளைவைப் பிரசல்ஸ் நகரம் கண்டது. 1985 மே 29 அன்று ஹெய்சல் அரங்கில் லிவர்பூலும் ஜுவென்டசும் ஆடவிருந்தன. நடுநிலையாளருக்கென்று ஒதுக்கிய பகுதி இத்தாலியர்களால் நிறைந்திருந்தது. பக்கத்துப் பகுதியில் லிவர்பூல் ஆதரவாளர். நடுவே இருந்தது ஒரு மெல்லிய கம்பி வலை. இவர்கள் பாய்ந்தனர், அவர்கள் பின்வாங்கினர், பின்வாங்கியோரைச் சுவர் தடுத்தது, சுவரும் சரிந்தது. 39 உயிர்கள் போயின. அங்கே குறைந்தது கம்பியின் பருமன் மட்டுமன்று. இரு சாராருக்கும் நடுவே போதிய வெற்று இடம் இல்லை. ஒதுங்கிச் செல்ல வழியும் இல்லை.

இரும்பினால் இறுகப் பிரித்ததன் விளைவை ஷெஃபீல்ட் நகரம் கண்டது. 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் ஆதரவாளர் ஒரு முனையிலும் நொட்டிங்ஹாம் ஆதரவாளர் மறு முனையிலும் நிறுத்தப்பட்டனர். கோலுக்குப் பின்னால் நின்றவர்களை மாட்டுப் பட்டி போல இரும்பு வேலி சூழ்ந்திருந்தது. வெளியே நெரிசல் மிகுந்தபோது பொலிசார் ஒரு பெரிய வாயிலைத் திறந்தனர். வந்தவர்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்த பட்டிகளுக்குள்ளேயே புகுந்தனர். முன்னே நின்றவர்கள் வேலியோடு நசுங்கினர். எதிர்த்தரப்பார் ஒரு கல்லும் எறியவில்லை. ஆனால் 97 பேர் மாண்டனர். ஆதரவாளர்மீது பழி இல்லை என்று 2016 இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. அதற்கு வெகு முன்னரே இங்கிலாந்து தன் மைதானங்களின் முன்வேலிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டது.

வெளியூராரை முற்றாகத் தடுத்ததன் விளைவை இந்தோனேசியா கண்டது. 2022 ஒக்டோபர் முதலாம் திகதி மலாங் மாவட்டத்துக் கஞ்சுருகான் அரங்கில் விருந்தாளிக் கழகத்தின் ஆதரவாளருக்கு அனுமதியே இல்லை. இருந்தவர்கள் அனைவரும் உள்ளூரார். தோற்ற சினத்தில் சிலர் களத்துள் இறங்க, பொலிசார் கண்ணீர்ப்புகை வீசினர். கூட்டம் வாயில்களை நோக்கி ஓடியது. ஒடுங்கிய வாயில்களில் நெரிந்தும் மூச்சுத் திணறியும் 135 பேர் மடிந்தனர். எதிரி இல்லாத மைதானத்திலும் எமன் இருந்தான்.

இவை பல்லாயிரவர் கூடிய அரங்குகள். நம் மைதானத்தில் சில நூறு பேரே கூடுவர் என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் இவற்றின் பாடம் தொகையைப் பொறுத்ததன்று. கூட்டத்தை நெருப்பும் பஞ்சும் போல நெருக்கி வைத்தாலும் கேடு. பட்டிக்குள் அடைத்தாலும் கேடு. பிரிப்பது இடைவெளியாக இருக்க வேண்டும். இரும்பாக இருத்தல் ஆகாது. வெளியேறும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

இதை யாழ்ப்பாணத்தாருக்கு நாம் சொல்லித் தரவும் வேண்டுமோ? வேலியின் நன்மையையும் தீமையையும் நம்மைப்போல் அறிந்தவர் யார்? கிளுவைக் கதியாலும் பனையோலையும் கொண்டு நம் முன்னோர் வேலி அடைத்தனர். ஆயினும் வேலியிலே படலை வைத்தனர். அயல்வீட்டாள் நெருப்புக் கேட்டு வருவதற்கு ஒரு பொட்டும் விட்டனர். பொட்டு இருந்தவரையில் வேலி உறவைக் காத்தது. பொட்டை அடைத்தவன் பிறகு கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டான். வழக்குப் பேசிக் காணியையே விற்றான். ஒரு முழ நிலத்துக்காக மூன்று தலைமுறை பேசாதிருந்த குடும்பங்களை நம் சட்டத்தரணிகளும் அறிவர், கமக்காரரும் அறிவர்.

நிற்க. நிரந்தர இரும்பு வேலியை நாம் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். நம் நாட்டிலே கழகத்தின் பெயரைச் சொன்னால் குறிச்சி தெரியும்; குறிச்சி தெரிந்தால் சிலருக்குச் சாதியும் தெரிந்துவிடுகிறது. கோவில் வாசலிலும் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் இருந்த வேலிகளைப் பிடுங்குவதற்கு எத்தனை பேர் அடிபட்டனர், எத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்பதை மறந்துவிட்டோமா? அங்கே பிடுங்கிய வேலியை மைதானத்தில் கம்பியும் சீமெந்தும் கொண்டு மீண்டும் நாட்டுவதா? இன்று ஆட்டத்துக்கென்று போட்ட வேலி, நாளை ஆட்டம் இல்லாத நாளிலும் நிற்கும். இந்தப் பக்கம் இன்னார் பக்கம் என்று பிள்ளைகள் பழகிக்கொள்வர்.

ஆகவே நாம் வேண்டுவது, ஆட்டம் தொடங்குமுன் கட்டி, முடிந்ததும் சுருட்டி வைக்கக்கூடிய வேலி. உடுப்பிட்டிப் பகுதிக் கழகங்களும், வடமராட்சியின் ஏனைய கழகங்களும் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

இரு சாராரையும் களத்தின் இரு நீளப் பக்கங்களிலும் எதிரெதிராக நிறுத்துக. களத்தின் அகலமே அவர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியாகிவிடும். கோல்களுக்குப் பின்னால் ஒருவரையும் நிற்க விடவேண்டாம். கோல்காப்பாளனின் காதுக்கருகே தொடங்கும் வசைதான் கல்லாக முடிகிறது. மாலை வெயில் முதுகுக்குப் பின்னால் விழும் மேற்குப் பக்கத்தை வெளியூராருக்கே கொடுக்கவேண்டும். விருந்தாளியை வெயிலைப் பார்க்க நிறுத்திவிட்டு விருந்தோம்பல் பேசுவது தமிழருக்கு அழகன்று.

கோட்டோரத்தில் கயிறு போதும், முட்கம்பி வேண்டாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் உழவு இயந்திரம் போய்வரத்தக்க அகலத்தில் தனி வழி இருக்கட்டும். அதற்குப் பூட்டு ஆகாது. காவல் நிற்பவர் இடையில் விட்டுப் போகவும் ஆகாது. 2016 இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட யாழ்ப்பாணத் துரையப்பா அரங்கு போன்ற மதில் சூழ்ந்த இடங்களில் இது இருமடங்கு அவசியம். ஆட்டம் முடிந்ததும் வெளியூரார் முதலிற் புறப்படட்டும். உள்ளூரார் பத்து நிமிடம் பொறுத்திருப்பதால் குடி முழுகிவிடாது.

களத்தின் ஒரு பக்கத்தில் பொதுவிடம் ஒன்றும் ஒதுக்கவேண்டும். உடுப்பிட்டியிலே பெண் எடுத்த கரவெட்டி மருமகன் எந்தப் பக்கம் நிற்பான்? பேரனை ஒரு கழகத்திலும் மருமகனை மறு கழகத்திலும் ஆடவிட்ட கிழவி எங்கே இருப்பாள்? அவர்களுக்கும், பெண்களுக்கும், சிறுவருக்கும் உரிய அந்தப் பொதுவிடமே நம் வேலியின் பொட்டு. காவற்பணிக்கு வரும் தொண்டர்கள் இரு கழகங்களிலிருந்தும் சோடி சோடியாக நிற்கட்டும். தம்மூர்ப் பையனைத் தம்மூரார் தடுத்தால் அது புத்திமதி. மற்றவர் தடுத்தால் அதுவே சண்டை.

இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை. கயிறும், சில தொண்டர்களும், பொறுப்பேற்கும் மனமும் போதும். அழைத்த கழகமே கூட்டத்துக்குப் பொறுப்பு என்ற விதியைப் போட்டி ஏற்பாட்டாளர் எழுத்தில் வைத்தல் வேண்டும்.

16 பேரைப் பறிகொடுத்த கல்கத்தாவைப் பற்றி இன்னொன்று சொல்லி முடிக்கிறோம். 2024 ஆகஸ்டிலே அந்நகர வைத்தியசாலை ஒன்றில் இளம் பெண் வைத்தியர் ஒருவர் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. ஆகஸ்டு 18 அன்று நடக்கவிருந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் போட்டி நிறுத்தப்பட்டது. ஆனால் அன்று மாலை இரு கழகத்து ஆதரவாளரும் தத்தம் கொடிகளோடு அரங்கின் முன்னே கூடி, ஒரே குரலில் நீதி கேட்டனர். அரங்கினுள்ளே பிரிந்து இருக்கப் பழகியவர்கள் வீதியிலே ஒன்றாக நின்றனர்.

நம் ஊர்களுக்கும் ஒன்றாக நிற்க வேண்டிய நாள்கள் பல உண்டு. கிணற்று நீர் உவராகும்போதும், விளைந்த வெங்காயம் விலைபோகாதபோதும் உடுப்பிட்டி என்றும் கரவெட்டி என்றும் பிரிந்து நிற்க இயலாது. அந்த நாளுக்காக இன்று மைதானத்திலே கயிற்றைக் கட்டுவோம். ஆட்டம் முடிந்ததும் அதை மறவாமல் அவிழ்ப்போம்.