ஒரு கமா... 50 லட்சம் டாலர்!

"பட்டியல் எழுதும்போது கடைசியில வர்ற 'அண்ட்'டுக்கு முன்னாடி கமா போடணுமா, வேண்டாமா? ஸ்கூல்ல கூடாதுன்னாங்க. காலேஜ்ல படிக்கிற அமெரிக்க புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கு. யார் சொல்றது சரி?"

உங்களில் பல பேருக்கு இருக்கிற சந்தேகம் இது. பதில் சிம்பிள். ரெண்டு பேரும் சரி!

அந்தக் கடைசி கமாவுக்கு 'ஆக்ஸ்போர்டு கமா' என்று பெயர். ஆக்ஸ்போர்டு யுனிவர்சிட்டி பிரஸ் தன் புத்தகங்களில் அதை விடாமல் போடுவதால் வந்த பெயர். அமெரிக்கப் புத்தகப் பதிப்பாளர்கள் பெரும்பாலும் போடுவார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகள் பெரும்பாலும் போடுவதில்லை. 'இட்லி, வடை அண்ட் காபி' என்றாலும் சரி, 'வடை'க்குப் பிறகு ஒரு கமா சேர்த்தாலும் சரி, சர்வர் கொண்டு வரப்போவது அதே மூணு ஐட்டம்தான்.

'அப்போ எதுக்கு இவ்வளவு பில்டப்?' என்கிறீர்களா? இதைப் படிங்க.

'ஐ இன்வைட்டட் மை கசின்ஸ், ரமேஷ் அண்ட் சுரேஷ்.'

பந்தியில் எத்தனை இலை போடுவீங்க? ரமேஷ், சுரேஷ் இருவரும்தான் அந்த கசின்ஸ் என்றால் ரெண்டே இலை. கசின்ஸ் தனி, இவங்க ரெண்டு பேரும் தனி என்றால் குறைந்தது நாலு இலை! 'ரமேஷ்' பக்கத்தில் ஒரு கமா போட்டால் எல்லோரும் தனித்தனி என்பது தெளிவாகிவிடும்.

தமிழில் இந்தத் தலைவலியே இல்லை, கவனிச்சீங்களா? 'கசின்ஸும் ரமேஷும் சுரேஷும்' என்றால் ஒரு கணக்கு. 'கசின்ஸான ரமேஷும் சுரேஷும்' என்றால் வேறு கணக்கு. நம்ம 'உம்' ஒவ்வொரு ஆளாகத் தொட்டு எண்ணிவிடும். இங்கிலீஷில் 'அண்ட்' ஒரே ஒரு தடவைதான் வரும். மிச்ச வேலையை கமாதான் செய்யணும்.

அந்த வேலையை கமா செய்யாமல் போனதால் ஒரு வழக்கே நடந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்று ஒரு பால் கம்பெனி. அதன் டிரைவர்கள் 2014-ல் ஓவர்டைம் சம்பளம் கேட்டு கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த மாநிலச் சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு சம்பளம். ஆனால், சில உணவுப் பொருள் வேலைகளுக்கு விலக்கு உண்டு. அந்தப் பட்டியல் இப்படிப் போகும்: கேனிங், பிராசஸிங், பிரிசர்விங், ஃப்ரீஸிங், டிரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்.

இங்கே 'அண்ட்'டுக்குப் பதில் 'ஆர்'. பிரச்னை அதேதான். 'ஷிப்மென்ட்'டுக்குப் பிறகு கமா இல்லை!

கம்பெனி சொன்னது: "பேக்கிங் ஒரு வேலை, டிஸ்ட்ரிபியூஷன் இன்னொரு வேலை. டிரைவர்கள் செய்வது டிஸ்ட்ரிபியூஷன். அதனால் ஓவர்டைம் கிடையாது."

டிரைவர்கள் சொன்னது: "ஷிப்மென்ட்டுக்கோ டிஸ்ட்ரிபியூஷனுக்கோ பேக் பண்ணுவது என்ற ஒரே வேலைதான் அது. நாங்க பேக் பண்ணலையே! அதோட, பட்டியலில் இருக்கிற வேலை எல்லாம் 'இங்' என்று முடியுது. டிஸ்ட்ரிபியூஷன் மட்டும் ஏன் அப்படி முடியலை?"

கீழ் கோர்ட்டில் கம்பெனி ஜெயித்தது. 2017 மார்ச்சில் அப்பீல் கோர்ட் அதை மாற்றியது. வாக்கியத்துக்கு ரெண்டு அர்த்தம் வருது, அப்படி வந்தால் ஓவர்டைம் சட்டத்தைத் தொழிலாளிக்குச் சாதகமாகத்தான் படிக்கணும் என்றது. 2018-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது கம்பெனி. மெய்ன் மாநிலம் சட்டத்தையே திருத்தியது. கமாக்கள் இருந்த இடத்தில் அரைப்புள்ளிகள் வந்தன. 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பது 'டிஸ்ட்ரிபியூட்டிங்' ஆனது!

சரி, நீங்க என்ன செய்யணும்?

* போடுவதோ விடுவதோ, ஒரே பாணியில் கடைசி வரை எழுதுங்க. ஒரு பாராவில் போட்டு அடுத்த பாராவில் விட்டால்தான் தப்பாகத் தெரியும்.

* ரெண்டு அர்த்தம் வரும் என்று தோன்றினால் யோசிக்காமல் போடுங்க.

* பட்டியலில் ரெண்டே ஐட்டம் என்றால் வேண்டாம். 'டீ அண்ட் காபி', அவ்வளவுதான்.

* கமாவும் சில சமயம் காலை வாரும். 'மை கசின், ரமேஷ், அண்ட் சுரேஷ்' என்றால் கசின் பெயர்தான் ரமேஷா? மறுபடியும் இலைக் குழப்பம்! இந்த மாதிரி இடத்தில் வரிசையை மாற்றிடுங்க. 'ரமேஷ், சுரேஷ் அண்ட் மை கசின்' என்றால் மூணு பேர். சந்தேகமே வராது.

* ரெஸ்யூமில் 'ரீடிங், ஸ்விம்மிங் அண்ட் கிரிக்கெட்' என்று எழுதுறீங்களா? டிரைவர்கள் பிடிச்ச அந்த 'இங்' பாயின்ட்டை ஞாபகம் வெச்சுக்கங்க. 'ப்ளேயிங் கிரிக்கெட்' என்று மாத்துங்க. பட்டியல் ஒரே சீராக இருக்கும்.

இந்த வார ஹோம்வொர்க்: 'ஷி தேங்க்ட் ஹெர் டீச்சர்ஸ், கவிதா அண்ட் மாலதி.' கவிதாவும் மாலதியும் டீச்சர்ஸ் என்று ஒரு தடவை, தோழிகள் என்று ஒரு தடவை, குழப்பமே வராமல் மாற்றி எழுதிப் பாருங்க. பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்டிடம் கொடுத்து எத்தனை இலை என்று கேளுங்க. சரியாகச் சொன்னால் நீங்க பாஸ்!