ஒற்றைத் தாடைப் பூச்சி

"கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் படம் வரைந்து பாகங்களைக் குறி" என்றால் நாம் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவோம். ஆனால் தேவாரத்துத் தாய்மார் பலர் விடியுமுன் ஜீப்பேறி ஏலமலைக்குப் போகிறார்களே, அங்கே ஏலக்காயைச் சொறிக்காயாக்கி விலையைக் குறைக்கும் இலைப்பேனின் வாயை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

நீளம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடில் ஊறவைத்துத் தெளியச் செய்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கூம்பு வடிவ வாய் தெரியும். விந்தை என்னவெனில், அதற்கு இடத்தாடை மட்டுமே உண்டு. வலத்தாடை கருவிலேயே தேய்ந்துவிடுகிறது. அந்த ஒற்றை ஊசியால் பிஞ்சின் தோலைக் குத்தி, வேறிரு ஊசிகள் இணைந்த குழலால் சாற்றை உறிஞ்சுகிறது. காய் பருக்கும்போது அந்தக் காயமே சொறியாகிறது. சென்னை லயோலா கல்லூரிப் பேராசிரியர் டி. என். அனந்தகிருஷ்ணன் இவ்வினத்தை ஆராய்ந்தே உலகப்புகழ் பெற்றார்.

இலையுறையின் இடுக்கிலும் பூக்குழலிலும் ஒளியும் இதனை மருந்து எளிதில் எட்டுவதில்லை. தெளிப்பவர் மேனியில்தான் முதலில் படுகிறது. காய்ந்த உறைகளை அகற்றினாலே பூச்சி ஓரளவு குறையும். இதை அறிய வேண்டியவர்கள் நாமல்லவா?

கரப்பான் இருக்கட்டும். ஒரு சொறிக்காயும் ஒரு பூங்கொத்தும் நம் ஆய்வுக்கூட மேசைக்கு வரவேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். சகோதரியர் மறுக்கமாட்டார்கள், மேசையை நாங்களே துடைப்பதானால்!